பதின்மூன்று புள்ளி எட்டு

ரொசாலி பையிலிருந்து எடுத்து வைத்த பெட்டியில்
கருவாட்டு வாடை.
"செட்டு நல்லாத்தான் இருக்கு மெகராஜக்கா.
ஆனா ஒரு உறுமல்.
அவுக பேசுறது அதுக்கு அடியில போயிருது."

மீட்டரை வைத்தேன்.
பதின்மூன்று புள்ளி இரண்டு. பரவாயில்லை என்றது.
குமிழைத் திருகி ஏ.சி.யில் பார்த்தபோதுதான்
ஒளிந்திருந்தது தலை நீட்டியது:
ஒன்றேகால் வோல்ட்.
சராசரி சொல்லும் பொய்யை
பாம்பனில் பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன்.

மூடியைக் கழற்றினேன்.
உப்பு உள்ளே வரக் கதவு தேடுவதில்லை.
செம்பெல்லாம் பச்சை பூத்திருந்தது.

சுவரிலிருந்து வருவது
வினாடிக்கு ஐம்பது முறை போய்த் திரும்பும் மின்சாரம்.
டிரான்ஸ்பார்மர் அதன் உயரத்தைக் குறைக்கும்,
குணத்தை அல்ல.
பிறகு நான்கு டையோடு, நான்கு ஒருவழிக் கதவு.
எந்தப் பக்கமிருந்து தள்ளினாலும்
வெளியே ஒரே திசையில்தான் விடும்.

"இதுக்குப் பேரு பிரிட்ஜ்" என்றேன்.
ரொசாலி ஜன்னல் வழியே ரயில் பாலத்தைப் பார்த்தாள்.
"கப்பல் வந்தா தூக்குமா?"
"தூக்குனா புகைதான் வரும்."

வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல்.
பாலத்தடியில் நீரோட்டம்
வாடைக்கு ஒரு பக்கம், கச்சானுக்கு மறுபக்கம்.
அதற்கு டையோடு போட யாருமில்லை.
நல்லதுதான். ஒரே பக்கம் ஓடினால்
மீன் எப்படித் திரும்பி வரும்?

திசை ஒன்றானதும் வேலை முடிந்ததாக
நினைப்பவர்கள் உண்டு.
இப்போதுதான் அது வினாடிக்கு நூறு குன்று.
நூறு முறை எழுந்து
நூறு முறை பூஜ்யத்தில் விழும்.
ரொசாலி கேட்ட உறுமல் அது.

குன்றை நிரவ வேண்டியது கெப்பாசிட்டர்.
எங்கள் ஊரில் இதை விளக்குவது சுலபம்.
காவிரித் தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறை;
நீல டிரம்மில் பிடிக்கிறோம்;
குழாய் காய்ந்த நாளிலும் உலை கொதிக்கிறது.

ரொசாலியின் டிரம் ஊதிப்போய்
உச்சியில் வெடித்து
பழுப்பாய் ஒரு கசிவு காய்ந்திருந்தது.
நாலாயிரத்து எழுநூறு மைக்ரோஃபாரட் என்று
வெளியே அச்சு மட்டும் அப்படியே.
இருபத்தைந்து வோல்ட் தாங்குவது.
எவனோ கஞ்சன் கட்டியது.
நான் முப்பத்தைந்து போட்டேன்,
மைனஸ் கோட்டை இரண்டு முறை பார்த்து.
(ஒருமுறை மாற்றிப் போட்டுக் கூரைக்குப் பறந்தது.
ஓட்டில் இன்னும் அந்தக் கறை.)

கடைசியில் ரெகுலேட்டர்.
மிச்சமிருக்கும் நெளிவைச் சீவி
சூடாக்கித் தன் முதுகில் வாங்கிக்கொள்ளும்.
தொட்டுப் பார்த்தேன். வேலை செய்கிறது.

பதின்மூன்று புள்ளி எட்டு.
ஏ.சி.யில் நாலு மில்லி வோல்ட்.

மாடி ஏரியலில் செட்டை மாட்டினோம்.
உறுமல் இல்லை. எதுவுமே இல்லை.
ரொசாலி ஒலியைக் கூட்டினாள், இன்னும் கூட்டினாள்.
"ஓடுதா அக்கா?"
"ஓடுது. யாரும் பேசல."

"முன்னாடி அந்த உறுமல் இருக்கும்.
அதுக்கு அடியில அவுக இருக்காகன்னு
நெனச்சுக்கிட்டே தூங்கிருவேன்."

அதற்கு என்னிடம் பாகம் எதுவும் இல்லை.
நூற்று எண்பது ரூபாய் வாங்கிக்கொண்டேன்.

வயரைச் சுருட்டப் போனபோது
செட் பேசியது, பக்கத்து அறையிலிருந்து போல.
"ரொசாலி... ஐஸ் முடிஞ்சிருச்சு. விடிய வந்துருவோம்."
இன்னாசிமுத்துவின் குரலுக்குப் பின்னே இன்ஜின்,
யாரோ சட்டி கழுவும் சத்தம்,
பிறகு நீளமாய், நெஞ்சுக்குள்ளிருந்து, ஓர் இருமல்.

ரொசாலி என்னைப் பார்த்தாள்.
"இது எத்தனை நாளா இருக்கு?"
கேட்டது என்னையா என்று தெரியவில்லை.
அதற்குள் மைக்கை எடுத்திருந்தாள்.